பழைய லொறிக்குப் புதிய மூளை வேண்டுமா?

சென்ற போகத்தில் எமது சங்கத்து லொறி வெங்காயம் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போனது. கண்டி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இறம்பொடை ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கத் தொடங்கி, இழுவை குறைந்து, கடைசி வளைவுகளில் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்திருக்கிறது. திரும்பி வந்து கணக்குப் பார்த்தபோது பெற்றோல் செலவு வெங்காயத்தின் இலாபத்தில் பாதியைத் தின்றிருந்தது. அன்று மாலைக் கூட்டத்தில்தான் இளைஞர் ஒருவர் எழும்பி, "இந்தக் காபரேற்றரைக் கழற்றி எறிஞ்சுபோட்டு ஈ.எப்.ஐ. பூட்டுவம். கொம்பியூற்றர் எல்லாத்தையும் பாத்துக்கொள்ளும்" என்றார். முப்பது வருடமாக அந்த எஞ்சினைத் தொட்டுப் பழகிய எமது மெக்கானிக் ஐயா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கொம்பியூற்றரை ஆர் பாக்கிறது, தம்பி?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மற்றக் குடியேற்றங்களிலும் இதே பேச்சு நடப்பதாக அறிகிறோம். பலமுறை இடம்பெயர்ந்து, வண்டியையும் மாட்டையும் உழவு இயந்திரத்தையும் வழியில் விட்டு வந்த எம்மைப் போன்றவர்களுக்கு, பலர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு லொறி என்பது வெறும் வாகனமல்ல. அது நின்றால் மரக்கறி தோட்டத்திலேயே அழுகும், அல்லது வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதே விலையாகும். ஆகவே இதைப் பற்றி எமது எண்ணத்தை ஒளிவின்றி எழுதுவது நல்லதென்று நினைக்கிறோம்.

முதலில் பெரியவர்களின் தயக்கத்துக்குள்ள காரணத்தைச் சொல்லவேண்டும். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து வடக்கில் பெற்றோல் அருமருந்தான காலத்தை அவர்கள் மறக்கவில்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடியது அந்தக் காபரேற்றரின் புண்ணியத்தால்தான். சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சேலைன் போத்தலும் குழாயும்கூட வைத்தியசாலையை விட்டு எஞ்சின் மூடியின் கீழ் வேலை செய்தன. ஒரு திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எதையும் ஓட்டலாம் என்பது அந்தக் காலம் படிப்பித்த பாடம். மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதை நீராக்கியதையும், பிளக்குகள் கரி பிடித்ததையும், பிஸ்ரன் தட்டியதையும் நாம் இப்போது சொல்வதில்லை. பிழைத்த கதையைத்தானே மனிதர் சொல்வார்கள்!

அந்தச் சுதந்திரம் ஈ.எப்.ஐ.யில் இல்லை. அதன் கணக்குகள் யாவும் பெற்றோலுக்கு என்று எழுதப்பட்டவை. மண்ணெண்ணெய் ஊற்றினால் அது கிளம்பாது, கிளம்பினாலும் தட்டும். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காக நின்றபோதும், லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் பங்கிட்டபோதும், மெக்கானிக் ஐயாவின் கேள்வி வெறும் பழங்கதை அல்லவென்று தெரிந்தது. ஆனால் அதே 50 லீற்றரை வைத்து இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருக்க முடியாதா என்று இளைஞர்கள் கேட்பதிலும் நியாயமுண்டு. மண்ணெண்ணெயும் பழைய விலையில் இல்லை. 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பொருளை நம்பி இனி எந்த எஞ்சினையும் தெரிவுசெய்ய முடியாது.

சரி, இந்த ஈ.எப்.ஐ. என்பதுதான் என்ன? காபரேற்றரில், எஞ்சின் உறிஞ்சும் காற்று ஓர் ஒடுங்கிய கழுத்தின் வழியே விரைந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோலைச் சிறு துவாரத்தினூடாக இழுக்கிறது. துவாரத்தின் அளவு மாறாதது. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று என்பது நன்றாக எரிவதற்கான அளவு. சமதரையில் அந்த அளவுக்கு அருகே சரிசெய்த காபரேற்றரை 1,800 மீற்றருக்கு மேலே கொண்டுபோனால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. துவாரத்துக்கு அது தெரியாது. காற்றுக் குறைந்த அளவுக்குப் பெற்றோல் குறையாமல் வருகிறது. எரியாத பெற்றோல்தான் இறம்பொடையில் நாம் கண்ட கறுப்புப் புகை.

இலத்திரனியல் முறையில் பெற்றோலைக் காற்று இழுப்பதில்லை. மின்பம்பு ஒன்று அதை அமுக்கத்தில் வைத்திருக்கிறது. ஊசி போன்ற இன்ஜெக்டர் ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறப்பதென்று ஒரு சிறு பெட்டி கணக்கிடும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அமுக்கம், வெப்பம், தண்ணீரின் சூடு, பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறோம், எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பவற்றை உணரிகள் அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும். புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் உணரி, எரிந்த பிறகு மிச்சமான ஒட்சிசனை அளந்து, கலவை கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று திருப்பிச் சொல்லும். மலையேறினால் பெட்டி தானே பெற்றோலைக் குறைக்கும். இறக்கத்தில் கால் எடுத்தால் முற்றாக நிறுத்தும். விடியற்காலைக் குளிரில் சோக் இழுக்கத் தேவையில்லை.

இது நேற்றுப் பிறந்த வித்தையுமல்ல. போஷ் நிறுவனத்தின் டி-ஜெற்றோனிக் 1967 இல் வொக்ஸ்வாகன் காரில் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் 1987 இல் தனது பிக்கப் லொறிகளுக்கு, காபரேற்றர் இருந்த இடத்திலேயே இன்ஜெக்டரை வைக்கும் எளிய முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பின்னர் புதிய மோட்டார் சைக்கிள்களில் காபரேற்றர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எமது பிள்ளைகள் இனிமேல் எப்படியும் இந்த வேலையைப் படிக்கத்தான் போகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் பெற்றோல் எஞ்சினுக்கு மாத்திரமே. எம்மிடையே உள்ள லொறிகளில் பெரும்பாலானவை டீசல். பழைய டீசல் எஞ்சின் முன்பே உட்செலுத்தல் முறையில்தான் ஓடுகிறது. அதன் பம்பு இயந்திரப் பம்பு, அவ்வளவுதான். அதைக் கொமன் றெயில் முறைக்கு மாற்றுவது பெட்டியும் வயரும் பூட்டுகிற வேலையல்ல. பழைய நொசில்கள் 200 பார் அளவில், அல்லது அதிலும் குறைவில் திறப்பவை. கொமன் றெயிலில் அமுக்கம் 1,000 பாரைத் தாண்டும். அதற்கு வேறு பம்பு, வேறு இன்ஜெக்டர், வேறு சிலின்டர் தலை வேண்டும். சுருங்கச் சொன்னால் வேறு எஞ்சின் வேண்டும். டீசல் லொறிக்கு ஈ.எப்.ஐ. பூட்டித் தருகிறேன் என்று எவராவது வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நொசில்களையும் பம்பையும் கழற்றி அமுக்கம் பார்த்துச் சரிசெய்து, ஏயர் பில்டரை மாற்றினாலே டீசல் லொறியின் புகையும் செலவும் நன்றாகக் குறையும்.

எமது சங்கத்து லொறி ஆறு சிலின்டர் பெற்றோல் எஞ்சின் பூட்டிய பழைய பெட்போர்ட். ஆகவே எமக்கு இந்தக் கேள்வி உண்மையானதே. இளைஞர்கள் பட்டணத்துக் கராஜ் ஒன்றில் விலை கேட்டு வந்தார்கள். பெட்டி, பம்பு, உணரிகள், கூலி எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்லி, பெற்றோல் செலவு பாதியாகக் குறையும் என்று வாக்குறுதியும் கொடுத்திருக்கிறார்கள். காசு இல்லையென்றால் தவணையில் கட்டலாம், லொறியின் புத்தகத்தை மட்டும் தந்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு வார்த்தைகளிலும் எமக்கு உடன்பாடில்லை. பாதியாகக் குறையும் என்பது நடவாத காரியம். நன்றாகச் சரிசெய்த காபரேற்றர் சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது அவ்வளவாக வீணாக்குவதில்லை. மிச்சம் வருவது ஏற்ற இறக்கத்திலும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதிலும், நின்று நின்று ஓடுவதிலும்தான். ஒரு பேச்சுக்குப் பத்திலொரு பங்கு மிச்சம் என்று வையுங்கள். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர், போய்வர 360. லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 72 லீற்றர் வேண்டும். மிச்சம் 7 லீற்றர். அதே லொறி தம்புள்ளையிலிருந்து வெறுமையாகத் திரும்பி வந்தால், வெறும் லொறி கொஞ்சம் குறைவாகக் குடிக்கும் என்றாலும், 25 லீற்றர் பெற்றோல் காற்றை ஏற்றிவரச் செலவாகிறது. பக்கத்துக் குடியேற்றத்தின் கடைக்காரரோடு பேசி, திரும்பும்போது அவருடைய சாமானை ஏற்றி வந்தால் எந்தப் பெட்டியும் தராத மிச்சம் கையில் வரும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் கைதட்டவில்லை. கொம்பியூற்றரைப்போல அது புதினமான விடயமல்லவே.

லொறியின் புத்தகத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நுண்கடன் என்ற பெயரில் எமது ஊர்களில் எத்தனை வீடுகளின் நிம்மதி போனது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒரு பெட்டிக்காக முழு லொறியை ஈடு வைப்பதை நாம் ஏற்கமாட்டோம். சேமிப்பில் உள்ள காசுக்கு எவ்வளவு செய்யலாமோ அவ்வளவு.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? இல்லை. செய்யலாம், ஆனால் வேலையின் ஒழுங்கு மாறவேண்டும் என்பதே எமது கருத்து. பெட்டி கடைசியில் வரவேண்டும்.

எஞ்சின் தேய்ந்து ஒயில் எரிக்குமானால், அந்தப் புகை ஒட்சிசன் உணரியைச் சில மாதங்களில் குருடாக்கிவிடும். புகைக்குழாயில் உணரிக்கு முன்னால் ஓட்டையோ, மனிபோல்ட் கஸ்கற்றில் கசிவோ இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். உணரி அதை எரியாத ஒட்சிசன் என்று நினைத்து, பெற்றோல் போதாது என்று பெட்டிக்குப் பொய் சொல்லும். பெட்டி இன்னும் ஊற்றும். எமது லொறிகளில் ஓட்டையில்லாத சைலன்சரை நாம் கண்டதில்லை! காசைக் கொட்டிப் பூட்டிய பின் செலவு கூடிவிட்டது என்று மனம் நொந்தவர்களின் வண்டிகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

பிறகு மின்சாரம். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். ஈ.எப்.ஐ. பெட்டிகள் மறைமுனை உடலோடு இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. இதைப் பார்க்காமல் பூட்டினால் பெட்டி முதல் நாளே புகைந்துவிடும். பழைய டைனமோவோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின் தருவதில்லை. பெற்றோல் பம்பு, இன்ஜெக்டர், பெட்டி என்பவற்றோடு இரவில் விளக்கும் எரியவேண்டும் என்றால் ஓல்ரனேற்றர் கட்டாயம். காபரேற்றர் லொறியைப் பற்றரி இறந்தாலும் தள்ளிக் கிளப்பிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. பம்புக்கே மின் இல்லையென்றால் இந்த லொறியை மாங்குளம்வரை தள்ளினாலும் கிளம்பாது. டிஸ்றிபியூட்டரின் பொயின்ற் சுத்தமாக இல்லையென்றால் பெட்டி சுற்றுக்களைப் பிழையாக எண்ணும். செப்புக் கம்பி போட்ட பழைய பிளக் வயர்களையும் மாற்றவேண்டும். அவற்றின் இரைச்சல் றேடியோவைக் குழப்புவதுபோலப் பெட்டியையும் குழப்பும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பெற்றோல் குழாய். காபரேற்றருக்குப் பெற்றோல் தள்ளும் பம்பின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் அளவுதான். இன்ஜெக்டர் முறைகளில் அது 40 இறாத்தலையும் தாண்டலாம். பழைய றப்பர் குழாயும் சாதாரண கிளிப்பும் அதைத் தாங்கா. சூடான மனிபோல்டின் மேல் பெற்றோல் பீச்சி அடித்தால் லொறியும் போகும், ஆளும் போகும். அதற்கென்று செய்த குழாய், அதற்கென்று செய்த கிளிப், தாங்கிக்குத் திரும்பிப்போகும் குழாய், எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்தும் றிலே ஆகியவற்றில் ஒரு சதமும் மிச்சம் பிடிக்கக்கூடாது. நாற்பது வருடத் துரு படிந்த தாங்கியைக் கழுவாமல் பம்பை உள்ளே இறக்குவதும் வீண் வேலை.

வால்வு இருக்கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2002 இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. காற்றுக்கும் பிள்ளைகளுக்கும் அது நல்லது. ஈயம் ஒட்சிசன் உணரிக்கு நஞ்சு என்பதால் ஈ.எப்.ஐ.க்கும் நல்லது. ஆனால் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளை அந்த ஈயந்தான் தேயாமல் காத்துவந்தது. பாரம் ஏற்றி மலையேறும் லொறியில் வெளியேற்று வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதைந்து இடைவெளி இல்லாமற் போகும்; பிறகு எரியும். தலையைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் கடினமான இருக்கை வளையங்களைப் போட்டுவிடுவது நல்லது.

இவ்வளவும் முடிந்த பின்னர் பெட்டி வாங்குவோம். ஒவ்வொரு சிலின்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வைக்க மனிபோல்டை வெட்டி ஒட்டவேண்டாம். காபரேற்றர் இருந்த இடத்தில் அப்படியே பொருந்தும் முறை எமக்குப் போதும். ஒவ்வொரு சிலின்டருக்கும் சரிசமமாகப் பங்கிடாது என்ற குறை அதற்குண்டு. ஆனால் வழியில் பழுதானால் நான்கு ஆணியைக் கழற்றிப் பழைய காபரேற்றரை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். பழைய இயந்திரப் பம்பையும் கழற்றாமல் வைத்திருந்தால் அந்த வேலை இன்னும் இலகு. அந்தக் காபரேற்றரை இரும்புக்கு விற்கும் எண்ணம் எவருக்காவது இருந்தால் எம்மோடுதான் சண்டைக்கு வரவேண்டும்.

பெட்டியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பூட்டிய பெட்டி. விற்றவரைத் தவிர எவராலும் உள்ளே பார்க்க முடியாது. மற்றது திறந்த வகை. அமெரிக்கர்களான புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவேர்ட் என்ற பெட்டியின் சுற்றுப்படத்தைப் பலரும் படிக்க வெளியிட்டார்கள். வாங்கியவர் தாமே ஈயப்பற்று வைத்துப் பூட்டிக்கொண்டார். அப்படிப்பட்ட பெட்டியை ஒரு பழைய மடிக்கணினியோடு இணைத்து, கலவை அட்டவணையை நாமே பார்த்துத் திருத்தலாம். விலை கொஞ்சம் கூடினாலும் எமக்கு இதுவே பொருத்தம். மெக்கானிக் ஐயா கேட்ட கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழினுட்பம் படிப்பிக்கிறார்கள். எமது பிள்ளைகளில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பிப் படிப்பிக்காமல் பெட்டியை வாங்குவது, வாசிக்கத் தெரியாத வீட்டுக்கு உறுதிப்பத்திரம் வாங்குவது போன்றது. ஐயாவும் பக்கத்தில் நிற்கவேண்டும். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு என்று சொல்லும் காது எந்த உணரிக்கும் இல்லை.

பழைய எஞ்சினையே தூக்கிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள். கியர்பெட்டி, தாங்கி, மவுன்டிங் எல்லாம் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருள் வகையையும் மாற்றிப் பதியவேண்டும். தலைக்குக் கீழே உள்ள பாகமும் தேய்ந்திருந்தால் அதைப் பற்றி யோசிப்போம், இப்போது அவசரமில்லை.

கூட்டத்தில் கடைசியாக ஒத்துக்கொண்டது இதுதான்: இந்தப் போகத்தில் எஞ்சினும் மின்சாரமும் சைலன்சரும். அடுத்த ஆறு மாதத்துக்குத் தாங்கியை முட்ட நிரப்பி, ஓடிய தூரத்தையும் ஊற்றிய லீற்றரையும் சாரதி கொப்பியில் எழுதவேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்தே பெட்டிக்குக் காசு ஒதுக்குவோம். சென்ற கிழமை பிளக்குகளைக் கழற்றிச் சிலின்டர்களின் அமுக்கம் பார்த்தோம். ஐந்தில் 110 இறாத்தலுக்கு மேல் காட்டியது. ஐந்தாம் இலக்கச் சிலின்டரில் 70. கொஞ்சம் ஒயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை. ஐயா சிரித்தார். எரிந்த வால்வோடுதான் லொறி இறம்பொடை ஏறியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை தலை கழற்றுகிறோம். கஸ்கற் வாங்கப் போகிறவர் வால்வு இருக்கை வளையமும் கேட்டு வரவேண்டும்.